ஆறு வார்த்தைகளைக் காணவில்லை: மாற்கு சுவிசேஷத்தோடு நாற்பது நாள்

பெரிய வெள்ளிக்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணிக்கு ஆலயத்துக்குள் போனால் மூன்று மணிக்குத்தான் வெளியே வர முடியும். சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கு ஏழு பிரசங்கங்கள், இடையிடையே பாட்டு, ஜெபம். எல்லாம் முடிந்ததும் வளாகத்தில் கஞ்சியும் துவையலும். சிறுவயதில் கேட்ட பிரசங்கங்களில் ஒன்றும் நினைவில் இல்லை. அந்தக் கஞ்சியின் ருசி மட்டும் இன்றும் நாக்கில் இருக்கிறது.

வருடாவருடம் ஏழு வார்த்தைகளையும் கேட்டு வளர்ந்த நான், இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் ஒன்றான, மாற்கு எழுதின சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒரே மூச்சில் படித்தது இருபது வயதுக்கு மேல்தான். பதினைந்தாம் அதிகாரத்தில் இயேசுவைச் சிலுவையில் அறைகிறார்கள். அவர் ஒரே ஒரு வார்த்தை பேசுகிறார்: "என் தேவனே! என் தேவனே! ஏன் என்னைக் கைவிட்டீர்?" பிறகு ஒரு பெருஞ்சத்தம், அதோடு உயிர் போய்விடுகிறது. மீதி ஆறு வார்த்தைகளைக் காணவில்லை. பக்கம் எதுவும் கிழிந்துவிட்டதோ என்று திருப்பிப் பார்த்தேன்.

கிழியவில்லை. "பிதாவே, இவர்களுக்கு மன்னியும்" என்பதும், பக்கத்துச் சிலுவையில் தொங்கிய கள்ளனுக்குப் பரதீசை வாக்களிப்பதும், "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பதும் லூக்காவில் இருக்கின்றன. தாயைச் சீடனிடம் ஒப்படைப்பது, "தாகமாயிருக்கிறேன்", "முடிந்தது" ஆகிய மூன்றும் யோவானுடையவை. மத்தேயுவும் மாற்கும் அந்த ஒரே கதறலை மட்டும் எழுதி வைத்தார்கள். நாம் ஆண்டுதோறும் கேட்கிற ஏழு, நான்கு தோட்டங்களில் பறித்துக் கட்டிய மாலை. மாலை அழகானதுதான். ஆனால் எந்தப் பூ எந்தச் செடியில் பூத்தது என்பது மாலையைப் பார்த்துத் தெரியாது.

சுவிசேஷங்களைப் புதிதாகப் படிக்க வருகிறவர்களுக்கு, அவர்கள் ஆலயத்துக்குப் போகிறவர்களாக இருந்தாலும் பைபிளையே தொடாதவர்களாக இருந்தாலும், நான் முதலில் சொல்வது இதுதான். நான்கையும் குழைத்துப் படிக்காதீர்கள். ஒன்றை எடுங்கள். அதில் இல்லாததை இன்னொன்றிலிருந்து கொண்டுவந்து நிரப்பாதீர்கள். ஜெபமும் உபவாசமும் இதற்கு எப்படி உதவும் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொற்களைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் தமிழில் பாதிப் பேர் தடுமாறுவது இங்கேதான். எங்கள் வீட்டில் அம்மா வழி கத்தோலிக்கர், அப்பா வழி சி.எஸ்.ஐ. என்ற சீர்திருத்தச் சபையார். ஆகவே ஒரே கூடத்தில் அம்மாச்சி 'செபம்' சொல்வார், அப்பத்தா 'ஜெபம்' பண்ணுவார். ஒருவருக்கு 'நற்செய்தி', மற்றவருக்குச் 'சுவிசேஷம்'. ஒருவருக்குத் 'தூய ஆவி', மற்றவருக்குப் 'பரிசுத்த ஆவி'. உபவாசத்துக்குப் பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் 'ஒருசந்தி' என்று பெயர். நாளுக்கு ஒரு வேளை மட்டும் சாப்பிடுவது. இறைச்சி தவிர்ப்பது 'சுத்தபோசனம்'. ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாட்களைச் சீர்திருத்தச் சபையார் லெந்து காலம் என்பார்கள், கத்தோலிக்கர் தவக்காலம் என்பார்கள். அந்தக் காலத்துப் பாட்டிமாருக்கு அது தபசுகாலம். அது தொடங்கும் நாள் ஒருவருக்குச் சாம்பல் புதன், இன்னொருவருக்குத் திருநீற்றுப் புதன். சொல் மாறினாலும் பொருள் ஒன்றே என்பதால் கையில் எந்தப் பைபிள் கிடைத்தாலும் தைரியமாகத் திறக்கலாம்.

தமிழில் கிடைப்பவை முக்கியமாக இரண்டு. பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் புழங்குவது, 1871ஆம் ஆண்டு ஹென்றி பவர் தலைமையிலான குழு வெளியிட்ட மொழிபெயர்ப்பின் வழிவந்தது. அதன் முதல் வரி: "தேவனுடைய குமாரனாகிய இயேசு கிறிஸ்துவினுடைய சுவிசேஷத்தின் ஆரம்பம்." மற்றொன்று 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்ற பொது மொழிபெயர்ப்பு. அதே வரி அதில் "கடவுளின் மகனாகிய இயேசு கிறிஸ்துவைப் பற்றிய நற்செய்தியின் தொடக்கம்" என்று வரும். முதலாவதில் ஓசை அதிகம். வாய்விட்டுப் படித்தால் தெரியும். இரண்டாவது பளிச்சென்று புரியும். புதிதாக வருகிறவர் இரண்டாவதில் படித்துவிட்டு, பிடித்த வரிகளை முதலாவதில் ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழ் கற்று, 1715இல் அங்கேயே அச்சிட்டு முடித்த புதிய ஏற்பாடுதான் இந்திய மொழிகளில் அச்சான முதல் புதிய ஏற்பாடு. பின்னாளில் யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் என்ற மிஷனரி பைபிளை மொழிபெயர்த்தபோது கூடவே உட்கார்ந்து உழைத்தவர் சைவம் வளர்த்த ஆறுமுக நாவலர். இந்த நூலோடு தமிழுக்கு உள்ள பழக்கம் நாம் நினைப்பதைவிட நீளமானது.

ஏன் நான்கு, ஏன் மாற்கு

நான்கு சுவிசேஷங்களும் முதலில் கிரேக்கத்தில் எழுதப்பட்டவை. மாற்குதான் மூத்தது, ஏறத்தாழ கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது இன்றைய ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. மத்தேயுவும் லூக்காவும் மாற்கை முன்னால் வைத்துக்கொண்டு, வேறு செய்திகளும் சேர்த்து எழுதினார்கள் என்பதும் அவர்கள் கருத்தே. மாற்கின் பெரும்பகுதி மத்தேயுவில் அப்படியே இருக்கிறது. யோவான் தனி வழி. யார் எழுதியது என்று நூல்களின் உள்ளே பெயர் இல்லை. மாற்கு என்பவர் இயேசுவின் சீடர் பேதுருவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் என்று இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த பப்பியாஸ் என்ற ஆயர் சொன்னதாக ஒரு குறிப்பு உண்டு. சபை மரபு அதைப் பிடித்துக்கொண்டது.

நான்கையும் ஒன்றாக்கிவிடும் ஆசை நமக்கு மட்டும் வந்ததல்ல. இரண்டாம் நூற்றாண்டிலேயே ததியான் என்பவர் நான்கையும் வெட்டி ஒட்டி ஒரே தொடர்கதையாக ஆக்கினார். சிரியா நாட்டுச் சபைகள் தலைமுறை தலைமுறையாக அதைத்தான் படித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தியோதொரேத் என்ற ஆயர் தம் மறைமாவட்டத்தில் அதன் பிரதிகள் இருநூறுக்கு மேல் இருப்பதைக் கண்டு, அவற்றை எடுத்துவிட்டு நான்கையும் தனித்தனியாக வைத்தார். நான்கு பேர் சொல்லும் சாட்சி நாலு விதமாக இருப்பதே நல்லது என்ற தெளிவு அன்றைய சபைக்கு இருந்திருக்கிறது. ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த நான்கு அத்தைமார் ஒரே மாதிரி கதை சொன்னால் நாம் நம்புவோமா?

மாற்கைச் சிபாரிசு செய்ய முதல் காரணம், அது குட்டிப் புத்தகம். பதினாறே அதிகாரம். வாய்விட்டுப் படித்தாலும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஒரு தமிழ்ப்படத்தைவிடக் குறைவு. நாற்பது நாளைத் தொடங்கும் முன் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, முழுவதையும் ஒரே இருப்பில் படித்துவிடுங்கள். புரியாத இடத்தில் நிற்க வேண்டாம். முதல் முறை படிப்பது ஊரைச் சுற்றிப் பார்ப்பது போல. எந்த வீட்டுக் கதவையும் தட்ட வேண்டியதில்லை.

அப்படிப் படிக்கையில் சில விஷயங்கள் தாமாகவே கண்ணில் படும். மாற்கு அவசரக்காரர். 'உடனே' என்று பொருள்படும் கிரேக்கச் சொல் ஏறத்தாழ நாற்பது இடங்களில் வருகிறது. இயேசுவின் பிறப்பு இல்லை, மாட்டுத்தொழுவம் இல்லை, சாஸ்திரிகள் இல்லை. முதல் அதிகாரத்திலேயே ஞானஸ்நானம், வனாந்தரம், சீடர்கள், பிசாசு ஓட்டுதல், பேதுருவின் மாமியாருக்குக் காய்ச்சல் நீங்குதல் எல்லாம் முடிந்துவிடும். பிறகு பதினோராம் அதிகாரத்தில் எருசலேமுக்குள் நுழைந்ததும் வண்டி மெதுவாகிறது. கடைசி ஆறு அதிகாரங்கள் வெறும் ஒரு வாரத்தின் கதை.

அவசரக்காரராக இருந்தாலும் சின்னச் சின்னக் காட்சிகளை விடமாட்டார். புயலில் படகின் பின்புறம் இயேசு தூங்குகிறார். தலையணை வைத்துக்கொண்டு தூங்கினார் என்பது மாற்கு மட்டும் சொல்வது. ஐயாயிரம் பேரை உட்கார வைத்த புல் பச்சையாக இருந்தது என்பதையும் அவர் எழுதுகிறார். இயேசு கைதான கெத்செமனேயில் மேல்துணியை விட்டுவிட்டு நிர்வாணமாக ஓடிய வாலிபன் ஒருவன் வருகிறான். யார், ஏன் வந்தான், ஒன்றும் தெரியாது. வேறு எந்தச் சுவிசேஷத்திலும் அவன் இல்லை. ஒரு கதைக்குள் இன்னொரு கதையைச் செருகுவதும் அவருடைய வழக்கம். ஐந்தாம் அதிகாரத்தில் யவீருவின் பன்னிரண்டு வயது மகள் சாகக் கிடக்கிறாள்; தகப்பன் இயேசுவை அழைத்துக்கொண்டு ஓடுகிறான்; நடுவழியில் பன்னிரண்டு வருடமாக உதிரப்போக்கால் அவதிப்படும் பெண் ஒருத்தி வந்து தொடுகிறாள்; இயேசு நின்றுவிடுகிறார். அவள் தன் கதை முழுவதையும் சொல்லி முடிக்கும்வரை அந்தத் தகப்பன் அங்கே எப்படி நின்றிருப்பான் என்று மாற்கு ஒரு சொல்லும் சொல்வதில்லை. கடைசியில் பெண் பிழைத்து எழுந்ததும் இயேசு சொல்வது என்ன தெரியுமா? அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுங்கள் என்று. உபவாசத்தைப் பற்றிப் பேசப்போகிற நாம் இதை மறக்காமல் இருப்பது நல்லது.

ஒரு பகுதியை எடுத்துப் படித்துப் பார்ப்போம்

மாற்கில் மொத்தம் 678 வசனங்கள். நாற்பதால் வகுத்தால் நாளுக்குப் பதினேழு. ஆனால் பதினேழாவது வசனத்தில் கத்தரித்து நிறுத்த வேண்டாம். அதிகாரப் பிரிவுகள் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வந்தவை. வசன எண்கள் 1551இல் எத்தியேன் என்ற அச்சுக்காரர் பிரான்சு நாட்டிலிருந்து வெளியேறிய காலத்தில் போட்டவை. மாற்கு இவற்றை அறியார். ஒரு சம்பவம் எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள். ஒரு நாள் பத்து வரும், ஒரு நாள் முப்பது வரும்.

மெதுவாகப் படிக்கும் கலைக்குத் துறவியர் மடங்களில் 'லெக்ஸியோ டிவினா' என்று பெயர். பன்னிரண்டாம் நூற்றாண்டில் பிரான்சு மலையடிவார மடம் ஒன்றின் தலைவராக இருந்த இரண்டாம் குய்கோ அதை நான்கு படிகளாக விளக்கினார்: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், அமைதியில் தங்குதல். அவர் சொன்ன உவமை சாப்பாடு. வாசிப்பு கவளத்தை வாயில் வைக்கிறது, தியானம் அதை மெல்லுகிறது, மன்றாட்டு சுவையைப் பிழிந்தெடுக்கிறது, கடைசிப் படி அந்த இனிமையே. தமிழில் அசைபோடுதல் என்று ஒரு சொல் ஏற்கெனவே இருப்பதால் நமக்கு இதைப் புரியவைக்க மலை ஏற வேண்டியதில்லை.

ஒன்பதாம் அதிகாரம், 14 முதல் 29 வரை எடுத்துக்கொள்வோம். மலைமேல் இயேசுவின் உருவம் ஒளிர்ந்ததைக் கண்டுவிட்டு மூன்று சீடர்கள் அவரோடு இறங்கி வருகிறார்கள். கீழே ஒரே கூச்சல். ஒரு தகப்பன் தன் மகனைக் கொண்டுவந்திருக்கிறான். பையன் சிறுவயதிலிருந்தே விழுந்து நுரை தள்ளுகிறான். தீயிலும் தண்ணீரிலும் விழுந்து பலமுறை சாகப் பார்த்தான். மீதிச் சீடர்கள் முயன்றார்கள், முடியவில்லை. "உம்மால் ஏதாவது முடிந்தால்" என்று தயங்கிக் கேட்கிறான் தகப்பன். நம்புகிறவனுக்கு எல்லாம் முடியும் என்கிறார் இயேசு. அப்போது அந்த மனிதன் கண்ணீரோடு கத்துகிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்."

இந்தக் கதை மத்தேயுவிலும் உண்டு, லூக்காவிலும் உண்டு. இந்தக் கதறல் மாற்கில் மட்டுமே. நம்புகிறேன் என்று சொன்ன வாய் மூடுவதற்குள் நம்பிக்கை போதவில்லை என்றும் சொல்லிவிடுகிறது. இந்த வரியில் நின்றுவிடுங்கள். மேலே போக வேண்டாம். இரண்டாம் முறை, மூன்றாம் முறை படிக்கும்போது தகப்பனின் குரல் எப்படி இருந்திருக்கும், கூட்டம் என்ன செய்துகொண்டிருந்தது, தோற்றுப்போன சீடர்கள் முகத்தை எங்கே வைத்துக்கொண்டார்கள் என்று கற்பனை செய்யலாம். இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார் பதினாறாம் நூற்றாண்டில் சொல்லித்தந்த முறை இது: காட்சிக்குள் நீங்களும் ஒரு மூலையில் போய் நில்லுங்கள் என்பார். ஒரு வாசகர் சொன்னது எனக்குப் பிடித்தது. "நான் தகப்பனாகவும் நிற்கவில்லை, சீடனாகவும் நிற்கவில்லை. என்ன சண்டை என்று எட்டிப் பார்க்க வந்த ஆளாக நின்றேன்." அதுவும் நேர்மையான இடம்தான்.

கதையின் கடைசி வசனத்தில்தான் ஒரு சிக்கல். எங்களால் ஏன் முடியவில்லை என்று சீடர்கள் தனியாகக் கேட்கிறார்கள். "இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது" என்று பதில். உபவாசக் கூட்டங்களில் அதிகம் கேட்கும் வசனம் இது. ஆனால் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த இரண்டு பழம்பெரும் பிரதிகளில், சினாய்ப் பிரதியிலும் வத்திக்கான் பிரதியிலும், 'உபவாசத்தினாலும்' என்ற சொல் மூலத்தில் இல்லை. 'ஜெபத்தினால்' என்பதோடு முடிகிறது. உபவாசத்தில் ஊறிய சபைகளில் இருந்து கையால் படியெடுத்த யாரோ ஒருவர் தம் அனுபவத்தைச் சேர்த்து எழுதியிருக்கலாம் என்பது பெரும்பாலான ஆய்வாளர் முடிவு. எனக்கு இதில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. படியெடுத்தவர் பொய் எழுதவில்லை. தமக்கு உதவியதை எழுதினார். ஆனால் இந்த ஒரு சொல்லின் மேல் கோபுரம் கட்டி, இத்தனை நாள் பட்டினி கிடந்தால் இன்ன காரியம் கைகூடும் என்று கணக்குச் சொல்கிறவர்களிடம் எனக்கு எச்சரிக்கை உண்டு. அந்தக் கதையில் ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை. காரியத்தை முடித்துவைத்தது ஓர் அரைகுறை நம்பிக்கைக்காரனின் கதறல்.

ஜெபம்: கேட்டு முடித்த பிறகு என்ன

புதிதாக வருகிறவர்களில் பலருக்கு ஜெபம் என்றால் ஒலிபெருக்கியில் கேட்ட நீண்ட, கம்பீரமான ஜெபங்கள் நினைவுக்கு வருகின்றன. நமக்கு அப்படி வராதே என்று பயம். மாற்கில் இருக்கும் ஜெபங்களைப் பாருங்கள், பயம் போய்விடும். மேலே பார்த்த தகப்பனின் ஜெபம் ஒரே வாக்கியம். எரிகோ ஊர்ச் சாலையோரக் குருடன் பர்திமேயு, "எனக்கு இரங்கும்" என்று கத்தினான். கெத்செமனேயில் இயேசுவே சொன்னது "அப்பா பிதாவே, எல்லாம் உம்மாலே கூடும்" என்று தொடங்கும் சில வரிகள். அங்கே வரும் 'அப்பா' தமிழ் அப்பா அன்று. இயேசு பேசிய அரமேய மொழிச் சொல். மாற்கு அதைக் கிரேக்கத்தில் மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டார். தற்செயலான ஒற்றுமைதான் என்றாலும், இந்த இடத்தை மொழிபெயர்ப்பு இல்லாமல் படிக்கும் பாக்கியம் நமக்குக் கிடைத்திருக்கிறது. மாற்கு இப்படிப் பொத்திவைத்த அரமேயச் சொற்கள் இன்னும் உண்டு: யவீருவின் மகளிடம் சொன்ன 'தலீத்தாகூமி', செவிடனிடம் சொன்ன 'எப்பத்தா', சிலுவையில் 'எலோயி எலோயி லாமா சபக்தானி'.

ஆகவே அன்றைய பகுதியில் நீங்கள் நின்ற வரியையே ஜெபமாக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் சொந்த வார்த்தை சேர்ந்தால் நல்லது, சேராவிட்டாலும் சரி. வார்த்தையே வராத நாளுக்குக் கர்த்தருடைய ஜெபம் இருக்கிறது: "பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் பிதாவே" என்று தொடங்குவது. அது மத்தேயுவில் ஒரு வடிவத்திலும் லூக்காவில் அதைவிடச் சுருக்கமாகவும் இருக்கிறது, மாற்கில் இல்லை. இங்கே மட்டும் என் விதியை நானே மீறச் சொல்கிறேன். முதல் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுந்த 'திதாக்கே' என்ற சபை வழிகாட்டி, அதை நாளுக்கு மூன்று முறை சொல்லச் சொல்கிறது.

கேட்டு முடித்த பிறகு ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். இதுதான் கடினம். கை போனைத் தேடும். பதில் வரவில்லையே என்று தோன்றும். மாற்கின் சிலுவைக் காட்சியிலும் பதில் வரவில்லை. "இருட்டோடே எழுந்து" வனாந்தரமான இடத்துக்குப் போய் இயேசு ஜெபித்தார் என்று முதல் அதிகாரம் சொல்கிறது. என்ன ஜெபித்தார், என்ன பதில் கேட்டது என்று சொல்லவில்லை. சீமோனும் (பேதுருவின் இன்னொரு பெயர்) மற்றவர்களும் தேடி வந்து, எல்லாரும் உம்மைத் தேடுகிறார்கள் என்று கலைத்துவிட்டார்கள் என்பது மட்டும் எழுதியிருக்கிறது. வீட்டில் குழந்தைகள் உள்ளவர்களுக்கு இந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

உபவாசம்: தலைக்கு எண்ணெய்

ஏகாதசியும் சஷ்டியும் ரம்ஜானும் தெரிந்த ஊரில் நோன்பு என்றால் என்ன என்று விளக்குவது அபத்தம். சுவிசேஷங்கள் அதைப்பற்றி என்ன சொல்கின்றன என்பதுதான் சுவாரசியம், ஏனென்றால் அவை இரண்டு பக்கமும் பேசுகின்றன.

இயேசு நாற்பது நாள் உபவாசமிருந்தார் என்று மத்தேயுவும் லூக்காவும் சொல்கிறார்கள். மாற்கு அந்தக் காட்சியை இரண்டே வசனத்தில் முடித்துவிடுகிறார்: வனாந்தரம், சாத்தான், காட்டு மிருகங்கள், தேவதூதர்கள். உபவாசம் என்ற சொல்லே இல்லை. இரண்டாம் அதிகாரத்தில், ஞானஸ்நானம் கொடுத்த யோவானின் சீடர்கள் உபவாசிக்கிறார்களே, உம்முடையவர்கள் ஏன் செய்வதில்லை என்று கேட்கிறார்கள். மாப்பிள்ளை கூட இருக்கும்போது கல்யாண வீட்டார் பட்டினி கிடப்பார்களா என்று திருப்பிக் கேட்கிறார் இயேசு. மாப்பிள்ளை எடுபட்டுப்போகும் நாட்கள் வரும், அப்போது உபவாசிப்பார்கள் என்றும் சேர்த்துக்கொள்கிறார். ஆகவே மாற்கின் கணக்கில் உபவாசம் என்பது ஒருவர் இல்லாத குறையை உடம்பால் உணர்வது. கல்யாண வீட்டில் சாப்பாடு, பிரிவில் பட்டினி.

மத்தேயு ஆறாம் அதிகாரம், உபவாசிக்கும்போது "முகவாடலாய் இராதேயுங்கள்" என்கிறது. தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவச் சொல்கிறது. நமக்கு எண்ணெய்க்குளியல் தீபாவளி. பட்டினி நாளில் தீபாவளி முகத்தோடு நடமாடு என்கிறார், ஒருவருக்கும் தெரியக் கூடாது என்பதற்காக. லூக்கா பதினெட்டில் ஒருவன் ஆலயத்தில் நின்று "வாரத்தில் இரண்டுதரம் உபவாசிக்கிறேன்" என்று கடவுளுக்கே கணக்கு ஒப்பிக்கிறான். தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட வரிவசூல்காரன் நீதிமானாக வீடு திரும்புகிறான். உபவாசத்தைப் படம் எடுத்துப் பகிர்கிற காலத்துக்கு இந்த இரண்டு பகுதிகளும் போதும்.

நடைமுறைக்கு வருவோம். இன்றைய கத்தோலிக்கச் சட்டத்தில் கட்டாய ஒருசந்தி இரண்டே நாள்: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும். பதினெட்டு வயதிலிருந்து அறுபதாம் வயது தொடங்கும் வரை உள்ளவர்களுக்கு, ஒரு முழுச் சாப்பாடு, மற்ற வேளைகளில் மிகக் குறைவாக. பதினான்கு வயதானால் சுத்தபோசனமும் உண்டு. மீனுக்குத் தடை இல்லை என்பதால், வஞ்சிரம் வறுவலோடு சுத்தபோசனம் காக்கிற குடும்பங்களை எனக்குத் தெரியும். கோழியைவிட அதுதான் விலை அதிகம். பெந்தெகொஸ்தே சபைகளில் வெள்ளிதோறும் மாலை வரை பச்சைத்தண்ணீரோடு இருந்து உபவாச ஜெபம் நடத்துவார்கள். தானியேல் உபவாசம் என்றும் ஒன்று பிரபலம். பழைய தமிழ்ப் பைபிளில் தானியேல் கேட்டது "பருப்பு முதலான மரக்கறி". நம்மில் பலருக்கு அது தினசரி மதியச் சாப்பாடு என்பதால், அதை உபவாசம் என்று சொல்லச் சற்றுக் கூச்சமாக இருக்கிறது.

முதல்முறை செய்கிறவருக்கு நான் சொல்வது: வாரத்தில் ஒரு நாள், ஒரே ஒரு வேளையை விடுங்கள். புதனோ வெள்ளியோ, திதாக்கே சொல்லும் நாட்களும் அவைதான். தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். அந்தச் சாப்பாட்டுக்கு ஆகும் அரைமணி நேரத்தில் அன்றைய பகுதியைப் படியுங்கள். வழக்கமான காபியை விட்டால் தலைவலி வரும். அதை ஆவிக்குரிய போராட்டம் என்று தவறாக எண்ண வேண்டாம். சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், சிறுவர்கள், சாப்பாட்டோடு ஏற்கெனவே மனப்போராட்டம் உள்ளவர்கள் சாப்பாட்டை விடவே வேண்டாம். வேறு நோய்க்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட முடியாதவர் விடக்கூடிய வேறு பழக்கங்கள் எத்தனையோ இருக்கின்றன; இரவு ஒன்பது மணிக்கு மேல் போனைத் தொடாதிருப்பது பலருக்கு மதியச் சோற்றைவிடக் கடினம்.

மிச்சமான காசு என்ன ஆகிறது என்பதும் உபவாசத்தின் பாகமே. இரண்டாம் நூற்றாண்டு ரோமாபுரியில் எழுதப்பட்ட 'ஹெர்மாவின் மேய்ப்பர்' என்ற நூல், உபவாச நாளில் ரொட்டியும் தண்ணீரும் மட்டும் எடுத்துக்கொண்டு, வழக்கமாகச் சாப்பிட்டிருக்கக்கூடிய உணவின் விலையைக் கணக்கிட்டு விதவைக்கோ அநாதைக்கோ கொடுக்கச் சொல்கிறது. தவக்கால உண்டியல் வைக்கும் வழக்கத்திலும் இதே எண்ணம்தான் இருக்கிறது. பசியுள்ளவனோடு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொள்வதே எனக்குப் பிரியமான உபவாசம் என்று ஏசாயா ஐம்பத்தெட்டாம் அதிகாரம் அதற்கும் முன்பே சொல்லியிருந்தது.

பட்டினி கிடந்து படித்தால் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். எனக்குத் தெரிந்த வித்தியாசம் சிறியது. பசி ஒரு காலியிடம். சாதாரணமாக அது தோன்றிய ஐந்தாவது நிமிடமே பிஸ்கட்டால் அடைத்துவிடுவோம். உபவாச நாளில் அதை அடைக்காமல் மாலை வரை வைத்திருக்கப் பழகுகிறோம். அதே பழக்கம் படிப்பிலும் ஒட்டிக்கொள்கிறது. தலையணை எங்கிருந்து வந்தது, வாலிபன் யார், தகப்பன் அந்தக் கால்மணி நேரம் என்ன செய்தான், சிலுவையில் ஏன் பதில் இல்லை என்ற காலியிடங்களையும் உடனே எதையாவது போட்டு அடைக்காமல் விட்டுவைக்கத் தோன்றுகிறது. எட்டாம் அதிகாரத்தில் பெத்சாயிதா ஊர்க் குருடனுக்கு ஒரே தொடுதலில் பார்வை முழுதாக வரவில்லை. "நடக்கிற மனுஷரை மரங்களைப்போலக் காண்கிறேன்" என்றான். இயேசு மறுபடியும் கைவைத்தார். பதினைந்தாம் நாள் வாக்கில் படிக்கிறவர்களுக்கும் பெரும்பாலும் மரங்கள்தான் தெரியும். நடுவில் நான்கைந்து நாள் விட்டுப்போகவும் செய்யும். விட்ட நாட்களையெல்லாம் சேர்த்து ஒரே இரவில் படித்து ஈடுகட்டப் பார்க்காதீர்கள். விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். நாற்பது ஐம்பதானால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. திருநீற்றுப் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தைய நாள் வரை எண்ணினால் உண்மையில் நாற்பத்தாறு நாள். ஞாயிறுகள் உயிர்ப்பின் நாள் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த ஆறு நாளும் உங்களுக்கு மிச்சம்.

கடைசிப் பகுதியை ஈஸ்டருக்கு முந்தைய சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதினாறாம் அதிகாரம், எட்டாம் வசனத்தோடு நிறுத்த வேண்டும். கல்லறைக்குப் போன பெண்கள், அவர் எழுந்துவிட்டார், கலிலேயாவுக்கு உங்களுக்கு முன்னே போகிறார் என்று கேட்டதும் நடுங்கி ஓடுகிறார்கள். பயத்தால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. முன்பு சொன்ன அந்த இரண்டு பழம்பிரதிகளும் மாற்கை இந்த வரியோடு முடித்துவிடுகின்றன. உங்கள் பைபிளில் இன்னும் பன்னிரண்டு வசனங்கள் இருக்கும். அவற்றை மறுநாள், சாப்பிட்டுவிட்டுப் படிக்கலாம்.